அடுத்து வருபவருக்கான சுள்ளி

"அப்பா, இந்த விறகை வெச்சுட்டுப் போனது யாருன்னே நமக்குத் தெரியாதே. அவருக்கு நாம எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

ஏழு வயதில் ஹெல்கா இப்படிக் கேட்டாள். பனிச்சறுக்குக் கட்டைகளை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, அவளும் அவள் அப்பாவும் அப்போதுதான் அந்தக் காட்டுக் குடிசைக்குள் நுழைந்திருந்தார்கள். அது பூட்டில்லாத குடிசை. வழிப்போக்கர் யாரும் ஓர் இரவு தங்கிக்கொள்ளலாம். அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கியிருந்தது. அதன் மேல் ஒரு கைப்பிடி சுள்ளியும் கொஞ்சம் பிர்ச் மரப்பட்டையும் இருந்தன. அடுத்து வருகிறவர் விரல் விறைத்து வரக்கூடும், கோடரியைப் பிடிக்கவே முடியாமல் போகலாம் என்று, முன்பு தங்கியவர் வைத்துவிட்டுப் போனது.

"கேள்விய அப்புறம் கேளு. முதல்ல கையுறையக் காய வை," என்றார் அப்பா.

அப்புறம் அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் வெளியே போய் விறகு பிளந்து, எடுத்த அளவுக்கு அடுக்கி வைத்தார். குடிசையின் வருகைப் புத்தகத்தில், 'இரண்டு பேர் வந்தோம். விறகு இருக்கிறது' என்று எழுதினார். அவ்வளவுதான்.

நாற்பது வருஷம் கழித்து, மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு ஹெல்காவின் போன் அடித்தது. கொர்ப்பிசால்மி நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கூப்பிட்டவர் ஒர்வோ.

"ஹெல்கா, என் கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது."

ஒர்வோ பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முப்பத்திரண்டு வருஷம் அதே அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலிருப்பது பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். திரையில் வருவதை அது குரலில் படித்துச் சொல்லும். விசைப்பலகைக்குக் கீழே ஒரு பட்டை உண்டு. அதில் எழும்பும் புள்ளிகளை அவர் விரலால் தடவிப் படிப்பார். அது பேசவில்லை என்றால் மற்றவர்களுக்குத் திரை இருட்டிப்போன மாதிரி.

"எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டாள் ஹெல்கா.

"சீட்டி அடிச்சுது. அதுக்கப்புறம் மூச்சு விடல."

அந்தச் சீட்டியை வைத்துக் கொடுத்ததே அவள்தான். இயந்திரம் விழித்து, எதை ஏற்றுவது என்று பட்டியலைக் காட்டும் நொடியில் இரண்டு சுரம் ஒலிக்கும். ஆகவே மின்சாரம், வட்டு, பட்டியல் எல்லாம் சரி. கோளாறு அதற்கு அடுத்த படியில்.

"புதுசா ஏதாவது ஏத்தினீங்களா?"

"புதன்கிழமை ராத்திரி புது கர்னல் தானா வந்து உக்காந்துச்சு. நான் ரீஸ்டார்ட் பண்ணல. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பண்ணிடலாமேன்னு இன்னிக்குக் காலையில பண்ணினேன்."

கர்னல் என்பது கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் மூல நிரல். ஊர் என்றதும் ஹெல்காவுக்கு நினைவு வந்தது. அவர் மகள் சைமிக்கு நாளைக்குத் தம்பேரேயில் கல்யாணம். ஒன்று நாற்பதுக்கு ரயில். பெண்ணின் தகப்பன் விருந்தில் எழுந்து பேச வேண்டும்.

"பேச்சு அதுக்குள்ளதான் இருக்கா?"

"அதுக்குள்ளதான்."

"நகல்?"

"ஞாயித்துக்கிழமை எடுத்தது ஒண்ணு இருக்கு. புதன்கிழமை எழுதினது அதுல இல்ல. மூணு மாசமா வராத பத்தி, புதன்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சுல வந்துச்சு, ஹெல்கா. மறுபடியும் உக்காந்தா வராது. அந்தப் பத்தி இல்லாம நான் அங்க போய் நிக்கிறதுல அர்த்தமே இல்ல."

ஹெல்கா பக்கத்து மேசைக்காரரிடம் அரை நாள் விடுப்பு என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு யூஎஸ்பி குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வண்டியில் உட்கார்ந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன்னால், கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்தாள். பெரிய வேண்டுதல் எதுவும் இல்லை. கை பதறாமல் இருந்தால் போதும் என்று கேட்டாள்.

ஒர்வோவின் வீட்டு முற்றத்தில் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தது ஜல்மாரி. பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயது, மனைவி இறந்தபிறகு தனியாக இருப்பவர். ஒரு காலத்தில் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டினார். இப்போது சம்பளமில்லாமல் மூன்று காட்டுக் குடிசைகளைப் பராமரிக்கிறார். விறகு கொண்டுபோவது, குப்பையை எடுத்து வருவது, கூரையைப் பார்ப்பது. கல்யாணத்துக்கு ஒர்வோவைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவரும் அவர்தான்.

"வா வா. டாக்டர் வந்தாச்சு," என்றார் ஜல்மாரி. "நோயாளி உள்ள இருக்கு. அதுக்குச் சொந்தக்காரன்தான் அதைவிட மோசமா இருக்கான்."

"வாயை மூடிட்டு உன் கோட்டு பொத்தானைப் போடுடா கிழவா," என்று உள்ளேயிருந்து ஒர்வோவின் குரல் வந்தது.

"நான் பொத்தானைப் போட்டாச்சுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? போடலன்னும் எப்படித் தெரியும்?"

"நீ மூச்சு விடுறது கேக்குதே. பொத்தான் போட்டிருந்தா உனக்கு அவ்வளவு மூச்சு வராது."

ஹெல்கா சிரித்துக்கொண்டே காலணியைக் கழற்றினாள். அந்த வீட்டில் காலணிக்கு ஓர் இடம், கம்பளிக்கு ஓர் இடம், கோப்பைக்கு ஓர் இடம். போன வருஷம் வீட்டு வேலைக்கு உதவியாக வந்த அம்மாள் காப்பிக் கோப்பைகளை ஒரு தட்டு மேலே மாற்றி அடுக்கினாள். ஒர்வோ அவளுக்கு நன்றி சொல்லி, ஏலக்காய் பன்னும் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கோபம் எல்லாம் இல்லை. 'ஒரு சாமான் சொல்லாம இடம் மாறினா, நான் ரெண்டாந்தடவை குருடாயிடறேன்' என்பார். அவர் சாமான்களைத் தொட உரிமை உள்ள ஒரே ஆள் ஜல்மாரி. ஜல்மாரிக்கும் தினமும் காப்பி குடிக்கப் போக வேறு வீடு கிடையாது.

திரை ஹெல்காவுக்காக மட்டுமே இருந்தது. தூசி துடைத்து, பக்கத்தில் நாற்காலியும் போட்டு வைத்திருந்தார் ஒர்வோ.

"படி," என்றார்.

"கறுப்புத் திரை. நிறைய வரி. கடைசியில, மூல வட்டு எங்கேன்னு தெரியல, அதனால நின்னுட்டேன்னு இருக்கு."

"விசைப்பலகையில விளக்கு?"

"கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு."

"அப்ப கர்னல் பயந்து உறைஞ்சுபோச்சு," என்றார் ஒர்வோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது போல. "எழுந்திருச்சிருக்கு. எழுந்து வாசலுக்கு வந்திருக்கு. கதவைத் திறக்கத் தெரியல."

ஜல்மாரி காப்பியை ஊற்றியபடி கேட்டார்: "கர்னல்னா உள்ள இருக்கிற பெரிய ஆளு, சரி. அவனுக்கே கதவு திறக்கத் தெரியாதா?"

"தெரியாது," என்றாள் ஹெல்கா. "வட்டைப் படிக்கிற வித்தை வட்டுக்குள்ளதான் இருக்கு. அதனால முதல்ல ஒரு சின்னக் கோப்பு ஏறும். கதவைத் திறந்து விடுறதுக்கு மட்டும். வேலை முடிஞ்சதும் அது தன் இடத்தையும் பெரியவனுக்குக் குடுத்துட்டு இல்லாமப் போயிடும்."

"அட, சுள்ளி," என்றார் ஜல்மாரி.

"ஆமா. சுள்ளிதான்."

"சுள்ளி இல்லாம கட்டை பத்தாது. இதைச் சொல்ல இவ்வளவு படிப்பா?"

ஹெல்கா இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி இயக்கினாள். சீட்டி அடித்தது. பட்டியலை நிறுத்தி, பழைய கர்னல்களின் வரிசைக்குப் போனாள். புதியது ஏறவில்லை என்றால் பழையதில் ஏற்றுவது இந்த வேலையில் முதல் பாடம். மூன்று பெயர்கள் தெரிந்தன. இரண்டாவதைத் தேர்ந்தாள். 'கோப்பு இல்லை' என்றது. மூன்றாவதைத் தேர்ந்தாள். அதற்கும் அதே பதில்.

"பழசும் ஏறல," என்றாள்.

ஒர்வோவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. "பழசு ஏறாம எப்படி? நேத்து வரைக்கும் அதுலதானே ஓடிக்கிட்டிருந்துச்சு."

"பாக்கிறேன். இருங்க."

முதல் யூஎஸ்பி குச்சியைச் செருகினாள். இயந்திரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதைச் செருகினாள். "சீட்டிக்கு முன்னாடி வட்டு ரெண்டாவது தடவை சத்தம் போட்டதும் பன்னெண்டாம் விசையை அமுக்கினாத்தான் வழி விடும்," என்றார் ஒர்வோ. "முதல் சத்தத்துல அமுக்கினா கோவிச்சுக்கும். நான் சொல்றப்ப அமுக்கு." அவர் காதைக் கொடுத்தார், அவள் விரலைக் கொடுத்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை, "இப்ப," என்றார். குச்சியிலிருந்த லினக்ஸ் மெதுவாக ஏறத் தொடங்கியது.

அந்த நேரத்தில் ஒர்வோவின் போன் அடித்தது. சைமி. "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று பேசிக்கொண்டே அவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகளிடம் அவர் பொய் சொல்லி ஹெல்கா கேட்டது அதுதான் முதல் தடவை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

குச்சி வழியாக உள்ளே போய், கர்னல்கள் இருக்கும் சிறிய பகுதியைத் திறந்தாள். புது கர்னல் இருந்தது. அதற்கான சுள்ளி பாதியில் நின்றுபோன கோப்பாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி காலி. பழைய கர்னல் இரண்டும், அவற்றின் சுள்ளிகளும், எதுவும் இல்லை. அந்தப் பகுதி கடைசியாக மாறிய நேரம் நேற்று மாலை நாலு பத்து என்று இருந்தது.

ஜல்மாரி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வரிகள் அவருக்குப் புரியவில்லை, எண்கள் மட்டும் புரிந்தன. ஆனாலும் பெருமையாகச் சொன்னார்.

"அந்தச் சின்ன ரூமா? நேத்து நான்தான் உள்ள போய் சுத்தம் பண்ணினேன். காலியா இருக்குமே."

ஹெல்கா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நீங்களா?"

"இடம் இல்ல, இடம் இல்லன்னு இது விடாம கத்திக்கிட்டிருந்துச்சு. ஒர்வோ சானா நீராவிக் குளியலுக்கு நெருப்பு மூட்டப் போயிருந்தான். இந்தச் சின்ன வேலைக்கு அவனை எதுக்குக் கூப்பிடணும்? இதுவே அந்த ரூமைத் திறந்து காட்டுச்சு. போன வருஷ நம்பர் போட்டது எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். புது நம்பரை மட்டும் விட்டு வெச்சேன். சத்தம் நின்னுபோச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு இடத்துக்குப் போனா, போனதைவிடச் சுத்தமா விட்டுட்டு வரணும். குடிசையில பழகின பழக்கம்."

"ஒர்வோகிட்ட சொன்னீங்களா?"

"குறிப்பேட்டுல எழுதலாம்னுதான் உக்காந்தேன். சானா சூடாயிடுச்சுன்னு கூப்பிட்டான். மறந்துட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டரில் ஒர்வோ ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். அதைத் தொட்டவர் எவரும் தேதி போட்டு என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு நண்பர்களும் சேர்ந்து, காட்டுக் குடிசை வருகைப் புத்தகத்தைப் பார்த்து ஏற்படுத்திய வழக்கம் அது. வியாழக்கிழமைக்கு அதில் எதுவும் இல்லை.

நடந்தது ஹெல்காவுக்கு இப்போது முழுதாகப் புரிந்தது. புதன்கிழமை புது கர்னல் வந்தபோது, அந்தச் சிறிய பகுதியில் இடம் போதாமல் சுள்ளி பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால் யாருக்கும் உடனடிக் கெடுதல் இல்லை, பழையது ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ஜல்மாரி குப்பை என்று நினைத்து அந்தப் பழையதை எடுத்தார். வெள்ளிக்கிழமை ஒர்வோ நல்ல எண்ணத்தோடு ரீஸ்டார்ட் செய்தார்.

குடிசையில் ஈர விறகு மட்டும் வந்து இறங்கியிருந்தால், இருக்கிற பழைய காய்ந்த விறகை வெளியே எறிவீர்களா என்று ஜல்மாரியிடம் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிடும். விளங்கினால் இந்த மனிதர், முகம் வெளுத்து, படுக்கையறைக் கதவைத் தட்டி, ரயிலுக்கு இரண்டரை மணி நேரம் இருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். ஒர்வோ கத்த மாட்டார். நன்றி சொல்லிப் பன் கொடுப்பார். பிறகு, வேண்டாம், தனியாகவே போய்க்கொள்கிறேன் என்பார். தம்பேரே போகும் வழியில் இரண்டு இடத்தில் ரயில் மாறவேண்டும்.

ஹெல்கா கேள்வியை விழுங்கிக்கொண்டாள். "காப்பி ஆறுது," என்றாள்.

"அட, ஆமா," என்று ஜல்மாரி சமையலறைக்குப் போனார்.

பெரிய வட்டைத் திறந்தாள். ஒர்வோவின் கோப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. 'சைமிக்கு' என்று ஒன்று. தேதி புதன்கிழமை, மாலை ஏழு நாற்பது. அவள் அதைத் திறக்கவில்லை. ஒர்வோவின் கைப்பையில் இருந்த, கம்ப்யூட்டர் இல்லாமலே புள்ளிகளைக் காட்டும் சிறிய பிரெய்ல் பலகையை எடுத்து, கம்பியால் இணைத்து, அந்தக் கோப்பை அப்படியே அதற்குள் நகலெடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று குச்சியிலும் ஒரு நகல் எடுத்து, ஜல்மாரியின் கோட்டுப் பையில் போட்டாள்.

ஒர்வோ திரும்பி வந்தபோது பலகையை அவர் கையில் வைத்தாள். அவர் உட்கார்ந்து, வலது கை ஆட்காட்டி விரலைப் பட்டையின் மேல் வைத்தார். விரல் ஓடியது. சில இடங்களில் வேகமாக, தெரிந்த தெருவில் நடப்பது போல. கடைசிப் பகுதிக்கு வந்ததும் மெதுவானது. ஹெல்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருடைய உதடு அசைவதைப் பார்த்தாலும் அவர் அறியப்போவதில்லை. ஆனால் அது சைமிக்காக எழுதியது.

"இருக்கு," என்றார் ஒர்வோ வெகுநேரம் கழித்து. "கடைசி வரி வரைக்கும் இருக்கு."

சமையலறையிலிருந்து ஜல்மாரி எட்டிப் பார்த்தார். "அழறியா?"

"வெங்காயம் நறுக்கிறியா நீ?"

"காப்பிக்கு எவன்டா வெங்காயம் நறுக்குவான்?"

"அப்ப அழறேன்னுதான் வெச்சுக்கோ."

மூவரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கம்பு ரொட்டியும் வெண்ணெயும், ஏலக்காய் பன்னும் இருந்தன. ஒர்வோ இரண்டாவது கோப்பையை ஊற்றிக்கொண்டு, ஹெல்கா எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"என்ன காரணம்?"

"புது கர்னலுக்குச் சுள்ளி பாதிதான் உருவாகியிருக்கு. இடம் பத்தல."

"அது சரி. பழசு எங்க போச்சு? யாரோ கை வெச்சிருக்காங்க."

ஜல்மாரி பன்னில் வாயை வைத்தபடி நிமிர்ந்தார். ஹெல்கா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். பொய் அவளுக்கு வராது. வந்தாலும் இந்த மனிதர் காதில் அது நிற்காது. உண்மைகளில் தன் பங்காக இருந்ததை எடுத்தாள்.

"ஒர்வோ, இந்தக் கம்ப்யூட்டரை முதல்ல அமைச்சுக் குடுத்தது நான்தானே? கர்னலுக்கு ரூம் அளந்து விட்டதும் நான்தான். ரொம்பச் சின்னதா விட்டுட்டேன். பெருசு பண்ணணும்னு ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த ரூம் பெருசா இருந்திருந்தா இதுல எதுவுமே நடந்திருக்காது. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க."

அது முழுக்க உண்மை. சொன்ன பிறகுதான் அது தனக்கே எவ்வளவு உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒர்வோ மேசையைத் தடவிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சின்னதாத்தான் விட்டுட்ட," என்றார் பிறகு. அவ்வளவில் அதை விட்டுவிட்டார்.

"நல்லவேளை, நேத்து நான் கொஞ்சம் சுத்தம் பண்ணி வெச்சேன்," என்றார் ஜல்மாரி. "இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும். இல்லையா ஹெல்கா?"

ஹெல்கா பன்னை நன்றாக மென்று விழுங்கினாள். "உங்க கோட்டுப் பையில ஒரு குச்சி வெச்சிருக்கேன், ஜல்மாரி," என்றாள். "அது பேச்சோட ரெண்டாவது நகல். பத்திரம். வழியில இவரை விட்டாலும் அதை விட்டுடாதீங்க."

"இவனை நான் ஏன் விடப்போறேன்?"

"பாதி வழியில என்னை எங்கயாவது இறக்கிட்டு நீயே போய்ப் பேசிடாத," என்றார் ஒர்வோ.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வாடகை வண்டி வந்தது. ஒர்வோ கறுப்புக் கோட்டில், பலகையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். வாசலில் நின்று வீட்டுச் சாவியை ஹெல்காவிடம் நீட்டினார்.

"முடிச்சுட்டுப் பூட்டிட்டுப் போ. அவசரமில்ல. திங்கக்கிழமைதான் வருவேன்."

ஜல்மாரி இடது முழங்கையை நீட்டினார். பார்க்காமலே ஒர்வோவின் கை அதைப் பிடித்துக்கொண்டது. பனி உருகிய வழுக்குத் தரையில் இருவரும் ஒரே அளவு அடி வைத்து வண்டி வரைக்கும் போனார்கள். ஜல்மாரியின் கோட்டில் ஒரு பொத்தான் போடாமலே இருந்தது.

வீடு அமைதியானது. கூரையில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஹெல்கா மறுபடி இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு, நகராட்சி வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், தகுதிகாண் காலம் முடியாத சமயம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் அலுவலகத்தின் முக்கிய இயந்திரத்தில் புது கர்னலை ஏற்றினாள். இரவு தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டு, அது எழுகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் வேறு எதற்கோ பதிவுகளைப் படித்தாள். இயந்திரம் இரண்டு நாள் முழுக்கச் செத்துக் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆறு பன்னிரண்டுக்கு யாரோ பழைய கர்னலில் ஏற்றியிருக்கிறார்கள். திரை வழியாக அல்ல. பின்பக்கத்துப் பழைய கம்பிவழி வாயில் வழியாக. புள்ளிப் பட்டையை அதில் மாட்டி வேலை செய்கிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். ஆறு மணிக்கு இணைப்பகத்துக்கு வருகிறவரும் அவர்தான். வார இறுதியில் மெயில் ஏன் வரவில்லை என்று மேலாளர் கேட்டபோது, 'இப்ப வந்துக்கிட்டிருக்கே' என்று ஒர்வோ சொன்னதாக மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதலில் வெட்கத்தில் அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், சொன்னால் அவர் செய்தது கெட்டுப்போகும் என்று தோன்றியது. அவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஹெல்கா வேலையைத் தொடங்கினாள். குச்சியிலிருந்தபடியே அந்த இயந்திரத்தின் வட்டுக்குள் இறங்கி, சின்ன அறைக்கு அடுத்திருந்த சும்மா கிடந்த இடத்தைச் சேர்த்து அதைப் பெரிதாக்கினாள். பழைய கர்னல்கள் இரண்டையும் மறுபடி இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் இடத்தில் வைத்தாள். புதியதற்கு முழுச் சுள்ளியை உருவாக்கினாள். பழையது ஒன்றின் நகலை, யார் சுத்தம் செய்ய வந்தாலும் கண்ணில் படாத ஓரத்தில் வைத்து, பட்டியலின் கடைசி வரியாகச் சேர்த்தாள். ஜல்மாரி மறுபடி நல்ல எண்ணத்தோடு வந்தாலும் இனி ஒன்றும் ஆகாது. குச்சியை எடுத்துவிட்டு இயக்கினாள்.

சீட்டி அடித்தது. விசைப்பலகையில் விளக்கு மினுக்கவில்லை. வட்டு மெல்ல உருண்டது. பிறகு அந்தக் குரல், ஆள் இல்லாத அறையில், தெளிவாகச் சொன்னது: "வணக்கம், ஒர்வோ. மணி இரண்டு பதினேழு."

அவர்கள் ரயிலில் இருப்பார்கள். ஜல்மாரி ஜன்னலுக்கு வெளியே தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒர்வோ கேட்பது போல இருந்துகொண்டு, விரலைப் பட்டையின் மேல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

மூன்று தடவை அணைத்து இயக்கிப் பார்த்தாள். மூன்று தடவையும் எழுந்தது. பழைய கர்னலிலும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தாள். அதுவும் எழுந்தது.

குறிப்பேட்டைத் திறந்தாள். வியாழக்கிழமை காலியாகவே இருந்தது. அதை அப்படியே விட்டாள். அங்கே எழுத வேண்டியதை எழுதுகிறவர் ஜல்மாரிதான், என்றைக்காவது அவருக்குத் தோன்றினால். அடுத்த வரியில் தேதி போட்டு எழுதினாள்:

'ஒருத்தி வந்தேன். ரூமைப் பெரிதாக்கினேன். விறகு இருக்கிறது.'

பிறகு மூன்று கோப்பைகளையும் கழுவித் துடைத்தாள். கீழிருந்து இரண்டாவது தட்டு, கைப்பிடிக் காதுகள் வலப்பக்கம். வைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். முதல் கோப்பையின் காது விரலில் சரியாக வந்து மாட்டியது. இரண்டாவதை அரை அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.